வராந்தாவில் சொன்ன சேதி

கேள்வி: நான் புற்றுநோய் மருத்துவர். இனிக் குணமாகாது என்று வாரத்தில் நாலைந்து குடும்பங்களிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. பதினோரு வருடமாக இதே வேலை. மூன்று வருடமாக என்னிடம் சிகிச்சை பெறும் ஓர் அம்மாவுக்கு நோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டதைப் போன வாரம் ஸ்கேனில் பார்த்தேன். மகனை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, இன்னும் சாப்பிடலையா?" என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. கணவர் கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டுவிடலாமா? அந்த அம்மா வியாழக்கிழமை மறுபடி வருகிறார்.

பதில்: வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம் டாக்டர். முதலில் அந்த வராந்தாவுக்கு வாருங்கள்.

போகிற போக்கில் ஒரே வரியில் அதை எழுதிவிட்டீர்கள். நோய் அம்மாவுக்கு. மூன்று வருடமாக மருந்து ஏற்றிக்கொண்டவரும் வாந்தி எடுத்தவரும் அவர். சேதி மட்டும் மகனுக்கா, அதுவும் கதவுக்கு வெளியே? யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று மகன் கெஞ்சியதாகக்கூட நீங்கள் எழுதவில்லை. நீங்களாகவே எழுந்து போயிருக்கிறீர்கள்.

அந்த அம்மா சாப்பாட்டைப் பற்றியா கேட்டார்? மூன்று வருடமாக உங்கள் முகத்தைப் படித்தவர் அவர். கதவு திறந்து மூடிய அந்த ஐந்து நிமிடத்திலேயே பாதி புரிந்திருக்கும். வாய் திறக்க முடியாமல் நிற்கும் பெண்ணுக்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்திருக்கிறார். அவரைத் தேற்ற வேண்டிய நீங்கள் அவரிடம் ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தூக்கம் எப்படி வரும்?

1961இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பத்தில் ஒன்பது டாக்டர்கள் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979இல் அதே கேள்விகளைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வதே முறை என்றார்கள். உங்கள் படிப்பிலும் இது இருந்திருக்கும். கெட்ட சேதியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று டாக்டர்களுக்குப் படிப்படியாக வகுத்து 2000இல் வெளியான 'ஸ்பைக்ஸ்' முறையில், சேதியைச் சொல்வதற்கு முன்னால் ஒரு படி உண்டு: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்பது. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை.

எங்கள் அப்பாவுக்கு நாங்களும் இதைத்தான் செய்தோம். வயிற்றில் அல்சர் என்றோம், டாக்டரும் தலையாட்டினார். அப்பாவும் சித்தப்பாவும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். நாள் நிறைய இருக்கிறதென்று நாங்கள் நம்பவைத்திருந்ததால், தம்பியைக் கூப்பிடு என்று அப்பா சொல்லவே இல்லை. சித்தப்பா எழவுக்குத்தான் வந்தார். பாசத்தால் செய்தோம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், மனசு ஒப்பவில்லை. யாரைப் பார்க்க வேண்டும், எதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை போகிறவருக்குத்தான் உண்டு. பிள்ளை அதை எடுத்துக்கொள்வது தவறு. டாக்டர் எடுத்துக் கொடுப்பது அதைவிடத் தவறு.

வியாழனுக்கு முன்னால் மகனிடம் பேசுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறார் என்று கேளுங்கள், பொறுமையாகக் கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்: "நானாகப் போய்க் கொட்டிவிட மாட்டேன். ஆனால் அம்மா கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்." அன்றைக்கு போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள். "உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறதென்று நினைக்கிறீர்கள்? எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விருப்பமா, மகனிடம் சொன்னால் போதுமா?" மகனிடமே சொல்லுங்கள் என்றால் சரி, அது அவர் முடிவு. சொல்லுங்கள் என்றால் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் அழுது முடிக்கும்வரை அடுத்த மருந்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

எத்தனை நாள் என்று கேட்பார். 2000இல் வந்த இன்னோர் ஆய்வு நினைவிருக்கட்டும். நோயாளி இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் என்று டாக்டர்கள் போட்ட கணக்கு சராசரியாக ஐந்து மடங்குக்கும் மேல் கூடுதலாக இருந்தது. நோயாளியோடு பழக்கம் நீள நீளக் கணக்கு இன்னும் தவறியது. உங்களுக்கோ மூன்று வருடப் பழக்கம். அவரை அதிகம் தெரியாத ஒரு சக டாக்டரிடம் ஸ்கேனைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். வலி, மூச்சுத்திணறல் இவற்றைப் பார்க்கும் வலிநிவாரண டாக்டரையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசி வாரத்துக்கு என்று வைக்க வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் வராந்தாவில் நிற்கிறார். நோயாளியின் பெயரைச் சொல்லாமலே, "போன வாரம் ஓர் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்" என்று கணவரிடம் சொல்ல முடியாதா? கட்டியவரிடம் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு முகம் தெரியாத எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இன்று ராத்திரி அவரிடம் பேசுங்கள்.

ராஜினாமாவைப் பற்றி வியாழன் கழித்து எழுதுங்கள். அந்த அம்மா என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.