தானாக எதுவும் மாறுவதில்லை

கேள்வி: ஆசிரியர் ஐயா, முன்பு போனில் ஒரு நம்பரை அழுத்திப் பிடித்து அழித்தால் அந்த நம்பரின் கோல் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். இப்போது ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருக்கிறது. படுத்து எழும்பிப் பார்த்தால் தானாக மாறிக் கிடக்கிறது. பழையபடி ஆக்க முடியுமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: முடியும். வழியைக் கீழே தருகிறேன். ஆனால் அந்தத் 'தானாக'வை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை, தம்பி.

தானாக ஒன்றும் மாறவில்லை. 2025 ஓகஸ்டில் கூகுள் தன் போன் செயலியின் முகத்தையே மாற்றியது. விருப்பமானவர்களின் பட்டியலும் அண்மைக் கோல்களும் ஒரே பக்கத்துக்கு வந்தன. ஒரே நம்பரின் கோல்களைச் சேர்த்து ஒரு வரியாகக் காட்டியது போய், நேர ஒழுங்கில் கோலுக்கு ஒரு வரி என்றாயிற்று. எங்கோ ஒரு மேசையில் இருந்து சிலர் எடுத்த முடிவு அது. காசு கொடுத்து போனை வாங்கியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்களுக்கு இது அலுப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்கவே கஷ்டப்படும் ஒரு தாய்க்கு இது அலுப்போடு முடிவதில்லை. அவர் போன் எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து, படங்களைத் தேடுவார். மகள், கடைக்காரர், கட்டாரில் இருக்கும் மகன், ஓட்டோத் தம்பி. அவருடைய உலகம் நாலைந்து பேர்தான். எல்லாரும் ஒரு திரைக்குள் இருந்தார்கள். இப்போது மகள் அடுத்தடுத்து நாலு தரம் எடுத்தால் நாலு வரி. விளம்பரக் கோல்கள் வந்தால் அதற்கும் மேல். மகனின் படம் திரைக்குக் கீழே போய்விடும். கீழே தள்ளிப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்திதான் வேண்டாத கோல்களை அழித்துப் பட்டியலைச் சுத்தமாக்கிக் கொடுப்பாள். அவளுடைய வேலையைத்தான் இப்போது பல மடங்காக்கியிருக்கிறார்கள்.

'ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் ஏன் அழிக்க வேண்டும்?' என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, பையைத் திறந்து காட்டியே வளர்ந்த சனத்திடம் இதைக் கேட்கக் கூடாது. தன் கையில் இருக்கும் ஒரு பட்டியலை வைத்திருப்பதும் அழிப்பதும் தன் விருப்பம் என்று ஒருவர் நினைப்பது மிகச் சின்ன உரிமை. அதையும் கடினமாக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒன்று தெரிந்திருக்கட்டும்: நீங்கள் அழிப்பது உங்கள் போனில் உள்ளதை மட்டும். தொலைபேசிக் கம்பனியிடம் இருக்கும் பதிவு அங்கேதான் இருக்கும்.

கேட்காமல் மாற்றுவதைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் 'ஆசிரியர் முன்னேற்றத்துக்கு எதிரி' என்று சிலர் கடிதம் போடுவார்கள். அவர்களை மட்டக்களப்பில் வாவியின் மேல் பாலம் இருக்கும் கல்லடிக்கு வரச் சொல்கிறேன். 1924இல் கட்டிய பழைய பாலத்தில் ஒரு வாகனம் போனால் மற்றது காத்து நிற்க வேண்டும். 2013இல் புதுப் பாலம் திறந்தார்கள். நல்ல காரியம், எல்லாரும் பாவிக்கிறோம். ஆனால் பழையதை இடிக்கவில்லை. பக்கத்திலேயே நிற்கிறது. பழகியவர் அதிலே நடக்கட்டும் என்று விட்டார்கள். இரும்புப் பாலத்தையே விட்டுவைக்க முடியுமென்றால், 'பழைய தோற்றம்' என்று ஒரு பொத்தானை வைக்க அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு என்ன தடை? இதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

சரி, வழிக்கு வருவோம். போனின் அமைப்புகளில் செயலிகள் என்ற பகுதிக்குப் போய் இந்தப் போன் செயலியைத் திறவுங்கள். மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் புதுப்பிப்புகளை நீக்கும் தெரிவு வரும். நீக்கினால் போன் வாங்கும்போது இருந்த பதிப்புக்குத் திரும்பும். மறுகா பிளே ஸ்டோரில் அதே செயலியின் பக்கத்துக்குப் போய்த் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சில நாளில் புதியது திரும்ப ஏறிவிடும். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுபோகும் என்பதால் இது நிரந்தர மருந்து அல்ல. முழுப் பட்டியலையும் ஒரேயடியாக அழிப்பதானால் புதிய தோற்றத்தில் தேடல் பெட்டியில் உள்ள மூன்று கோட்டைத் தொடுங்கள், அந்தத் தெரிவு உள்ளே இருக்கிறது. வாட்ஸ்அப் கோல்களின் பட்டியல் வேறு, அதை வாட்ஸ்அப்புக்குள்ளேயே அழிக்க வேண்டும்.

அந்த மூன்று கோட்டுக்குள்ளேயே கருத்துச் சொல்லவும் ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே தமிழிலேயே எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.