யூஎக்ஸ் வொர்க்‌ஷாப்பும் பயனர் ஆய்வும்: கேள்வி பதில்

யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) வேலை பற்றி வந்த கேள்விகளில் ஒன்பதை எடுத்துக்கொண்டேன். பேச்சுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதால், பெரும்பாலான பதில்களில் வீட்டு ஈபி பில் கட்டும் செயலியை மாற்றி அமைப்பதையே உதாரணமாக வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. வாடகை வீடுகளில் பணம் கட்டுவது குடியிருப்பவர், இணைப்பு இருப்பதோ பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பெயரில். கூடிப் பேசி அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள் இதிலேயே நிறைய உண்டு.

கேள்வி (ப்ராடக்ட் மேனேஜர், சென்னை): மேடம், அரை நாள்தான் கிடைத்திருக்கிறது, எட்டுப் பேர் வருகிறார்கள். நேரத்தை எப்படிப் பிரிப்பது? என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

முதலில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: "மதியம் 1 மணிக்கு இந்த அறையை விட்டுப் போகும்போது எதை முடிவு செய்திருப்போம்?" "செயலியை மேம்படுத்துவது" என்று எழுதினால் அது வொர்க்‌ஷாப் ஆகாது. "வாடகைக்குக் குடியிருப்பவர் முதல் முறை பில் கட்டும் வழியில் எந்த மூன்று தடைகளை இந்தக் காலாண்டில் நீக்கப் போகிறோம்" என்பது முடிவெடுக்கக் கூடிய கேள்வி. அந்த வரியை எழுத வரவில்லை என்றால் கூட்டத்தைத் தள்ளி வையுங்கள்.

எட்டுப் பேர் சரியான அளவு. அதற்கு மேல் போனால் இரண்டு மேசையாகப் பிரித்து, இரண்டாவது மேசைக்கும் நடத்துபவர் ஒருவரைப் போடுங்கள். எட்டில் ஒருவராவது தினமும் வாடிக்கையாளரின் புகாரைக் கேட்பவராக இருக்கட்டும். கால் சென்டரில் உட்காருபவருக்குத் தெரிந்தது மீட்டிங் அறையில் வேறு யாருக்கும் தெரியாது.

காலை 9.30க்குத் தொடங்குவதாக வைத்துக்கொண்டால்: நோக்கமும் நடைமுறையும் சொல்ல 15 நிமிடம், ஆய்வில் கிடைத்ததை எல்லோரும் படித்துக் குறிப்பெழுத 30, குறிப்புகளைச் சேர்த்து அடுக்க 45, டீ 15, எதை எடுத்துக்கொள்வது என்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க 20, அதற்கான திரைகளை வரைய 40, வரைந்ததைக் காட்டி விமர்சிக்க 30, முடிவுகளை எழுத 15. மொத்தம் 210 நிமிடம், சரியாக 1 மணி. நேரம் இழுத்தால் வரைவதில் குறையுங்கள். கடைசி 15 நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை விழுங்கவிட்டால் மூன்றரை மணி நேர உழைப்பு சுவரில் ஒட்டிய காகிதமாகவே நின்றுவிடும்.

பொருட்கள்: 76 மில்லிமீட்டர் சதுர ஸ்டிக்கி நோட் மூன்று நிறத்தில் 200 தாள் வீதம், கறுப்பு மார்க்கர் 10, ஏ4 தாள் 100, சார்ட் பேப்பர் 8, ஓட்டுப் போட வட்ட ஸ்டிக்கர் ஆளுக்கு 3, எல்லோர் கண்ணிலும் படும் டைமர் ஒன்று. பால்பாயிண்ட் பேனாவை மேசையில் வைக்கவே வேண்டாம். அதில் எழுதினால் ஒரே நோட்டில் ஆறு வரி வரும், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

கேள்வி (விஷுவல் டிசைனர், கோவை): எங்கள் டைரக்டர் முதலில் வாயைத் திறந்தால் போதும், "சார் சொல்றது சரிதான்" என்று மற்ற ஏழு பேரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அவரை வர வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

வர வேண்டாம் என்று சொல்லக் கூடாது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் இல்லாமல் எடுத்த முடிவை அவர் மறுநாள் மாற்றிவிடுவார். மாற்ற வேண்டியது வரிசையை: எழுதிய பிறகுதான் பேச்சு. கேள்வியைப் போட்டதும் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளாளுக்கு எழுத வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் நோட்டைப் படித்து ஒட்ட வேண்டும். ஜூனியர் முதலில், டைரக்டர் கடைசியில். இதைக் கூட்டத்தில் அறிவித்து அவரைச் சங்கடப்படுத்தாமல், முந்தைய நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள்: "சார், நீங்க முதல்ல சொன்னா மத்தவங்க மனசுல இருக்கிறது வெளியே வராது. கடைசியா சொல்லுங்க, உங்க ஓட்டுக்குத் தனி நிறம் வெச்சிருக்கோம்." காரணம் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துழைக்கிறார்கள்.

ஓட்டுப் போடும்போதும் இதே சிக்கல் வரும். ஒருவர் ஸ்டிக்கரை ஒட்டிய இடத்திலேயே அடுத்தவரும் ஒட்டுவார். ஒவ்வொரு யோசனைக்கும் எண் கொடுங்கள், தனக்குப் பிடித்த மூன்று எண்களை ஒவ்வொருவரும் முதலில் தன் தாளில் எழுதட்டும், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போய் ஒட்டட்டும்.

பேசவே தயங்கும் குழுவுக்கு 6-3-5 முறை நன்றாகப் பொருந்தும். ஜெர்மனியில் பெர்ண்ட் ரோர்பாக் 1968இல் வெளியிட்டது. ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். நேரம் முடிந்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க, அவர் அதைப் படித்து அதன் கீழே மூன்று எழுதுவார். ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில், 108 யோசனை. பாதி ஒன்றையொன்று ஒத்திருந்தாலும் பரவாயில்லை. எல்லோருடைய கையெழுத்தும் எல்லாத் தாளிலும் இருப்பதால் "இது யார் சொன்னது" என்ற பேச்சு எழாது.

கேள்வி (மாணவர், திருச்சி): ஸ்டிக்கி நோட் சுவரில் நிற்பதே இல்லை. என்ன செய்வது?

நோட்டைக் கீழிருந்து மேலாக உரித்தால் காகிதம் சுருண்டுகொள்ளும், சுருண்டது விழும். பக்கவாட்டில் உரியுங்கள். டிஸ்டெம்பர் சுவரில் பொடி உதிர்வதால் பசை பிடிக்காது. முதலில் சார்ட் பேப்பரை நான்கு மூலையிலும் டேப்பால் ஒட்டி, அதன் மேல் நோட்டை ஒட்டுங்கள். கூட்டம் முடிந்ததும் அப்படியே சுருட்டி எடுத்துப் போகலாம். அடுக்கும் நேரத்தில் மட்டும் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். கலைவதற்கு முன் ஒவ்வொரு குழுவையும் தனித்தனியாகப் படமெடுத்துவிடுங்கள். முழுச் சுவரை ஒரே படமாக எடுத்தால் பிறகு எழுத்தைப் படிக்க முடியாது.

கேள்வி (யூஎக்ஸ் ரிசர்ச்சர், மதுரை): பன்னிரண்டு பேட்டி எடுத்து 150 நோட் எழுதினோம். அடுக்கிப் பார்த்தால் "பேமென்ட்", "லாகின்", "மொழி", "இதர" என்று நின்றுவிட்டது. புதிதாக எதுவுமே தெரியவில்லையே அக்கா?

அந்த நான்கு தலைப்பும் பேட்டிக்கு முன்பே உங்கள் மனதில் இருந்தவை. நோட்டுகளை அந்தப் பெட்டிகளில் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். குறிப்புகளை இப்படி அடுக்கிப் பார்க்கும் முறையை 1960களில் வளர்த்தெடுத்தவர் ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா. அவர் பெயரின் முதலெழுத்துகளால் கேஜே முறை என்கிறார்கள். அதன் உயிரே, குறிப்புகளிலிருந்து தலைப்பு எழ வேண்டும் என்பதுதான். தலைப்பை முன்னதாக எழுதி ஒட்டினால் மொத்த வேலையும் கெட்டுவிடும்.

குறை நோட்டிலேயே தொடங்கியிருக்கலாம். "ரசீது பிரச்சினை" என்று எழுதியதை "பேமென்ட்"டைத் தவிர வேறெங்கும் வைக்க முடியாது. ஒரு நோட்டில் ஒரே ஒரு செய்தி, பார்த்ததோ கேட்டதோ, வினைச்சொல்லோடு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். மூலையில் யாருடைய பேட்டி என்ற எண். இப்படி: "பணம் கட்டியதும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார், ரசீதை டவுன்லோட் செய்வதில்லை (4)." "ஸ்கிரீன்ஷாட்டை வீட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் (7)." "சர்வீஸ் நம்பரைப் பழைய பில்லைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லி அடிக்கிறார் (2)." "கட்டிய மறுநாள் ஈபி ஆபீஸுக்குப் போய், ஏறிவிட்டதா என்று கேட்கிறார் (9)."

இப்போது முதல், இரண்டாவது, நான்காவது நோட்டுகள் தாமாகவே ஒன்றையொன்று தேடி வரும். அடுக்கும்போது முதல் 20 நிமிடம் பேச்சே கூடாது. எவரும் எந்த நோட்டையும் நகர்த்தலாம். ஒரே நோட்டு இரண்டு குழுக்களுக்கு இடையே மூன்று முறை போய்வந்தால் இன்னொரு நோட்டில் அதையே எழுதி இரண்டு இடத்திலும் வையுங்கள். ஒரு குழுவில் நான்கு முதல் எட்டு நோட்டு போதும். பதினைந்து சேர்ந்தால் உள்ளே இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது, பிரியுங்கள். தனியாக நிற்கும் நோட்டைத் தனியாகவே விடுங்கள். "இதர" என்ற குழு வேண்டவே வேண்டாம்.

தலைப்பு கடைசியில், பயனர் தானே சொல்வது போன்ற வாக்கியமாக: "நான் கட்டிவிட்டேன் என்பதை இன்னொருவருக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது." "பேமென்ட்" என்ற சொல் இதைச் சொல்லவில்லை. இந்த வாக்கியம் கையில் இருந்தால் அடுத்த வேலை தெளிவாகிறது: ரசீதை டவுன்லோட் செய்வதைவிட, உரிமையாளருக்கு நேரடியாக அனுப்பும் பொத்தான்தான் முக்கியம். 150 நோட்டை நான்கு பேர் அடுக்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கேள்வி (நூலகர், யாழ்ப்பாணம்): எங்கட நூலகத் தளத்தின்ர மெனுவை ஒழுங்குபடுத்த அட்டை பிரிக்கிற முறையைச் செய்யப் போறம். எத்தனை அட்டை, எத்தனை பேர் வேணும்? அட்டையில என்ன மாதிரி எழுதுறது?

தளத்தில் உள்ள ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, வாசகரிடம் கொடுத்து, சேர்ந்து வர வேண்டியவற்றைக் குழுவாக வைக்கச் சொல்வதுதான் இந்த முறை. 30 முதல் 40 அட்டை போதும். அதற்கு மேல் போனால் கடைசி பத்தை அலுப்பில் எங்காவது வைத்துவிடுவார்கள். ஆட்கள் 15 பேர், ஒவ்வொருவராகச் செய்ய வேண்டும். மெனு இன்னும் முடிவாகவில்லை என்றால், குழுவையும் பெயரையும் அவர்களே அமைக்கும் திறந்த முறையைப் பின்பற்றுங்கள். வெற்று அட்டை ஐந்தும் கொடுங்கள், விடுபட்டதை எழுதுவார்கள்.

சொற்களில்தான் கவனம் வேண்டும். "நூல் இரவல்", "நூல் தேடல்", "நூல் முன்பதிவு" என்று எழுதினால் "நூல்" என்ற எழுத்தைப் பார்த்தே மூன்றையும் ஒன்றாக வைத்துவிடுவார்கள். அது அவர்களுடைய எண்ணம் அல்ல, உங்கள் சொல்லின் ஒற்றுமை. "வீட்டுக்கு எடுத்துச் செல்ல", "இருக்கிறதா என்று பார்க்க", "வேறொருவரிடம் உள்ளதைக் கேட்டு வைக்க" என்று செயலை எழுதுங்கள். மொழி, வாசகர்கள் மேசையில் வந்து கேட்கும் மொழிதான். "கேட்டலொக்" என்று கேட்கிறார்கள் என்றால் அட்டையிலும் அதுவே. பின்பக்கம் எண் போட்டால் முடிவைப் பதிவது சுலபம்.

பிறகு எந்த இரண்டு அட்டையை எத்தனை பேர் ஒன்றாக வைத்தார்கள் என்று கட்டம் போடுங்கள். 15இல் 12 பேர் சேர்த்தவை ஒரே இடத்துக்குப் போகலாம். 7, 8 பேர் மட்டும் சேர்த்தவற்றுக்கு இரண்டு இடத்திலிருந்தும் வழி வையுங்கள்.

கேள்வி (டெவலப்பர், பெங்களூரு): ஒரு செயலியைப் பயனர் ஐந்து பேரிடம் கொடுத்துச் சோதித்தால் போதும் என்கிறார்களே, நம்பலாமா?

நீல்சன், லாண்டாவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட கணக்கு அது. ஒரு குறை ஒரு பயனரிடம் தென்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று கொண்டால், ஐந்து பேரில் ஒரு முறையாவது தென்படும் வாய்ப்பு 84 சதவீதம். 31 என்பது அவர்கள் பார்த்த திட்டங்களின் சராசரி. பத்தில் ஒருவரை மட்டும் பாதிக்கும் குறை ஐந்து பேர் சோதனையில் தென்பட 41 சதவீதம்தான் வாய்ப்பு. ஆகவே ஐந்து பேரிடம் சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் போவதே நல்ல வழி. உரிமையாளரும் குடியிருப்பவரும் வேறு வேறு வேலைக்கு வருகிறார்கள் என்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து. ஐந்து பேரை வைத்து "80 சதவீதம் பேருக்குப் பிடித்தது" என்று மட்டும் ஸ்லைடில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி (ரிசர்ச்சர், சேலம்): எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு மேடம்" என்றுதான் வருகிறது. எஸ்யூஎஸ் படிவம் (பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் கேள்வித்தாள்) கொடுத்தாலும் விடை குழப்பமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்வது நம் பழக்கத்தில் இல்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அந்த விடைதான் வரும். கருத்தைக் கேட்காமல் வேலை கொடுங்கள்: "இந்த பில்லைக் கட்டிட்டு, கட்டினதை உங்க ஓனருக்குத் தெரியப்படுத்துங்க." தடுமாறும்போது உதவப் பாயாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முடிந்த பிறகு, "இதை உங்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கணும்னா எங்கே நின்னு நிதானமா சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். தனக்குக் கடினம் என்று சொல்லத் தயங்குபவர், அம்மாவுக்கு எது கடினம் என்று தாராளமாகச் சொல்வார். இதை வடிவமைத்தவர் நீங்கள் என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

எஸ்யூஎஸ் 1986இல் ஜான் புரூக் உருவாக்கியது. பத்து வாக்கியம், ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறை. ஒவ்வொன்றுக்கும் 1 (உடன்படவில்லை) முதல் 5 (உடன்படுகிறேன்) வரை குறிக்க வேண்டும். தமிழில் "இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது" என்பதற்கு "உடன்படவில்லை" என்று குறிப்பதற்குள் பலர் திசைமாறிவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான். பத்தையும் நேர்மறையாக மாற்றிய வடிவத்தை சாரோ, லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் 2011இல் சோதித்து, மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டினார்கள். அதைப் பயன்படுத்துங்கள். அப்போது ஒவ்வொரு விடையிலும் 1 கழித்து, கூட்டி, 2.5ஆல் பெருக்க வேண்டும். வழக்கமான வடிவத்தில் இரட்டைப்படை வரிகளுக்கு 5இலிருந்து விடையைக் கழிப்பார்கள். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

கேள்வி (தன்னார்வ அமைப்பு, தஞ்சாவூர்): வரையத் தெரியாத பயனர்களை வொர்க்‌ஷாப்புக்குக் கூப்பிடலாமா? பணம், ஒப்புதல் எல்லாம் எப்படி?

கட்டாயம் கூப்பிடுங்கள். ஸ்வீடனில் 1981இல் தொடங்கிய உடோப்பியா திட்டத்தில் செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்களே வடிவமைப்பில் உட்கார்ந்தார்கள். அப்போது கைக்கு எட்டாதிருந்த லேசர் பிரிண்டருக்குப் பதில் வெற்று அட்டைப்பெட்டியின் மேல் பெயர் எழுதி வைத்து, வேலை எப்படி நடக்கும் என்று நடித்துப் பார்த்தார்கள். அதே வழிதான் இங்கும். ஃபோன் திரை அளவில் அட்டை வெட்டி, பொத்தான்களைத் தனித்தனித் துண்டாகக் கொடுங்கள். அவர்கள் நகர்த்தி வைக்கட்டும், கை போகும் வரிசையை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அரை நாளுக்கு வந்தால் அவர்களுடைய ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் கொடுங்கள், தொடங்கும் முன்பே. நடுவில் எழுந்து போனாலும் அது அவர்களுடையதுதான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கம், படித்துக் காட்டிக் கையெழுத்து. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. வீடியோவில் முகம் தேவையில்லை, கையும் திரையும் போதும். உண்மையான பில்லைக் கொண்டுவந்தால் சர்வீஸ் நம்பரை மறைத்துவிட்டுப் படமெடுங்கள்.

கேள்வி (ஸ்டார்ட்அப், ஓசூர்): எல்லாம் நன்றாக நடக்கிறது, ஆனால் ஒரு மாதம் கழித்து ஒன்றும் மாறியிருப்பதில்லை.

அந்தக் கடைசி 15 நிமிடத்தில் ஒரு சார்ட்டில் மூன்று பத்தி போடுங்கள். முடிவானவை: ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர், ஒரு தேதி ("டீம்" என்று பெயர் எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்). இன்னும் தெரியாதவை: எந்த ஆய்வில், எப்போது தெரிந்துகொள்வோம். இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்தவை: ஏன் என்று ஒரு வரி. அந்தக் காரணம் இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதே யோசனை மறுபடி எழுந்து நேரத்தைத் தின்னும். அந்தச் சார்ட்டின் படத்தை 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள், நீண்ட அறிக்கை பிறகு வரட்டும். இரண்டு வாரம் கழித்து 30 நிமிடக் கூட்டத்துக்கான அழைப்பை, எல்லோரும் அறையில் இருக்கும்போதே காலண்டரில் போட்டுவிடுங்கள்.