அஜைல் யாருக்காக? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிறுவனங்களும் ஊழியர்களும் அஜைல் முறைக்கு, அதாவது வேலையைச் சிறுசிறு பகுதிகளாக முடித்துக் காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறைக்கு, மாறியே ஆகவேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவை இரண்டு வருடம் முன்பு அஜைலுக்கு மாற்றினார்கள். பதினைந்து நிமிடம் என்று தொடங்கிய ஸ்டாண்ட்-அப், அதாவது காலையில் நின்றபடி நடத்தும் கூட்டம், இப்போது ஒரு மணிநேர விசாரணை. "நேத்து ஏன் முடியலை?" என்று மேனேஜர் ஒவ்வொருவராகக் கேட்கிறார். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று மதிப்பிடப் போடும் ஸ்டோரி பாயிண்டை வைத்து ஆளுக்கு ஆள் ஒப்பிடுகிறார்கள், அது அப்ரைசல் வரை போகிறது. நிறுவனத்துக்கு லாபம் இருக்கலாம். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அலுவலகத்தில் நடப்பது அஜைலே இல்லை என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயரில்தான் நீங்கள் தினமும் காலையில் நிற்கவைக்கப்படுகிறீர்கள். அதனால் நேராகவே பேசுவோம்.

அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்குக் கொண்டுவரப் பட்ட பாடு எல்லோரும் அறியவேண்டிய ஒன்று. முதல் முயற்சிக்கு 800 பக்கத்துக்கும் மேலாகத் தேவைகளை எழுதினார்கள். எல்லாவற்றையும் கட்டி ஒரே நாளில் பழையதை நிறுத்திப் புதியதை ஓடவிடுவது திட்டம். உள்ளே வேலை பார்த்த பாதுகாப்பு வல்லுநர் ஒருவர், இது தவறான திசையில் போகிறது என்று 2002லேயே பொதுவில் எழுதினார். அவர் அந்தத் திட்டத்தைவிட்டுப் போகவேண்டி வந்தது. 2005ல் எல்லாவற்றையும் கைவிட்டபோது போன பணம் ஏறக்குறைய 17 கோடி டாலர்.

அடுத்த முயற்சியின் பெயர் சென்டினல். 2006ல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2010ல் பார்த்தால், ஒதுக்கிய 45.1 கோடி டாலரில் 40.5 கோடி செலவாகிவிட்டது, நான்கு கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தது. இதே வழியில் போனால் இன்னும் ஆறு வருடமும் 35 கோடி டாலரும் ஆகும் என்று வெளியிலிருந்து வந்த ஒரு மதிப்பீடு சொன்னது. அப்போதுதான் எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தன் கையில் எடுத்தது. அஜைலுக்கு மாறி, ஆட்களைக் குறைத்து, ஸ்பிரின்ட் எனப்படும் இரண்டு வாரச் சுற்றுகளாக வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஓடுகிற மென்பொருளைக் காட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. 2011 அக்டோபரில் ஊழியர்களை வைத்து நடத்திய சோதனையில் அமைப்பு நின்றுபோனது, இருக்கிற வன்பொருள் தாங்காது என்று தெரிந்தது. சொன்ன தேதி தள்ளிப்போனது. ஆனால் நாடு முழுக்கத் திறந்துவிடுவதற்கு முன்பே அது தெரிந்துவிட்டது. 2012 ஜூலை 1 அன்று சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.

நான் அஜைலை வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்: கெட்ட செய்தி சீக்கிரம் வெளியே வரவேண்டும். எதைக் கட்டப்போகிறோம் என்பது தொடக்கத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியாது, கிளையன்ட்டுக்கும் தெரியாது. பிப்ரவரியில் கண்ணில் படவேண்டிய குறை நவம்பரில் படுகிறது என்று வையுங்கள். அந்த மாதம் சனி, ஞாயிறு போவது யாருக்கு? தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் உட்காருவது யார்? உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அந்த ராத்திரிகள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கின்றன.

ஆனால் கெட்ட செய்தி சொன்னவருக்கு அடி விழும் என்றால் யார் வாய் திறப்பார்கள்? கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை ஒன்று இருந்தது. தரத்துக்கும் வருகைக்கும் பெயர் கெட்ட ஆலை, 1982ல் மூடினார்கள். 1984ல் டொயோட்டாவோடு சேர்ந்து நம்மி என்ற பெயரில் மறுபடி திறந்தபோது பெரும்பாலும் அதே தொழிலாளர்களையே எடுத்தார்கள். தவறு கண்ணில் பட்டால் அசெம்பிளி லைனையே நிறுத்த ஒவ்வொருவருக்கும் எட்டும்படி ஒரு கயிறு. இழுத்தால் டீம் லீடர் ஓடிவந்து உதவுவார். வேலைநீக்கம் கடைசி வழியாகத்தான் இருக்கும் என்று தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். 1988ல் விற்பனை சரிந்தபோது அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள், ஆட்களை வெளியே அனுப்பாமல் பயிற்சியில் உட்காரவைத்தார்கள். அந்த ஆலையின் கார்கள் தரத்தில் ஜப்பானியக் கார்களுக்கு அருகில் வந்தன. இதைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் கலிஃபோர்னியாவிலேயே இருந்த தன் வேன் நைஸ் ஆலையிலும் கயிற்றைக் கட்டியது. அங்கே இழுத்தவர்கள் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினார்கள்.

உங்கள் பிரிவில் நடந்திருப்பது வேன் நைஸில் நடந்ததுதான். ஸ்டாண்ட்-அப் வந்துவிட்டது, இழுப்பவருக்கான பாதுகாப்பு வரவில்லை. அதைக் கொடுக்கவேண்டியது நிறுவனம். இதில் முதல் மாற்றம் மேலிருந்துதான் வரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் மேனேஜர் தலைமேலும் ஒரு தேதி தொங்கிக்கொண்டிருக்கும். விலையையும் தேதியையும் ஒப்பந்தத்தில் பூட்டிவிட்டு உள்ளே மட்டும் அஜைல் செய் என்றால் அவரும் என்ன செய்வார்?

சரி, உங்கள் கையில் இருப்பது. ஸ்பிரின்ட் முடிவில் எது சரி, எது தவறு என்று பேசும் ரெட்ரோ கூட்டம் அடுத்து வரும்போது ஸ்க்ரம் கைடைத் திறந்து வையுங்கள். ஸ்க்ரம் என்பது அஜைலைச் செய்யும் வழிகளில் ஒன்று, அதன் விதிகள் அந்தக் கைடில் இருக்கின்றன. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதியது, சிறியது, இலவசமாகவே கிடைக்கிறது. தினசரிக் கூட்டம் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் திட்டமிட்டுக்கொள்ள, 15 நிமிடம்தான் என்று அதில் இருக்கிறது. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற மூன்று கேள்விகளை 2020 பதிப்பில் எடுத்தேவிட்டார்கள். ஸ்டோரி பாயிண்ட் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஸ்டோரி பாயிண்டை உருவாக்கியவராகக் கருதப்படும் ரான் ஜெஃப்ரிஸே, அதை வைத்து ஒப்பிடுவது கெடுதல் என்று எழுதியிருக்கிறார். இவற்றைச் சண்டையாக வைக்காமல் ஒரு கோரிக்கையாக வையுங்கள்: இரண்டு ஸ்பிரின்ட்டுக்கு மட்டும் ஸ்டாண்ட்-அப்பை டீமே நடத்திக்கொள்ளட்டும், மேனேஜர் நிலவரத்தை, வேலைகளைப் பதிந்துவைக்கும் ஜிரா மென்பொருளில் பார்த்துக்கொள்ளட்டும்.

பதிலுக்கு நீங்களும் ஒன்று செய்யவேண்டும். மாட்டிக்கொண்ட வேலையை வியாழக்கிழமை வரை மூடிவைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இரண்டாம் நாளே "இது எனக்குப் பிடிபடலை, யாராவது கூட உட்காருங்க" என்று கேளுங்கள். பதினோரு வருட அனுபவம் உள்ள நீங்கள் கேட்டால், சென்ற வருடம் சேர்ந்த பிள்ளைகளுக்கும் கேட்கத் துணிவு வரும்.

இரண்டு ஸ்பிரின்ட் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். மேனேஜர் மறுத்தால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.