ஃபியூயல் செல் ஸ்டாக் வோல்டேஜ் இறங்குது, ஆனா ஓசிவி (லோடு இல்லாதப்போ இருக்கிற வோல்டேஜ்) அப்படியே இருக்குன்னா

நண்பா, உங்க சாலிட் ஆக்சைடு ஃபியூயல் செல் ஸ்டாக் (அடுக்கி வச்ச செல்கள்) 750 டிகிரில லோடுல ஓட ஓட வோல்டேஜ் மெதுவா இறங்குது, ஆனா ஓசிவி செல்லுக்கு 1.08 வோல்ட்ல அசையாம நிக்குதுன்னு சொல்றீங்க, அப்போ வாயு கசியாம அடைக்கிற சீல் மேல சந்தேகப்பட வேண்டாம், லீக் இருந்தா மொதல்ல ஓசிவிதான் படுத்திருக்கும். எனக்கென்னவோ இது குரோமியம் வேலை மாதிரிதான் படுது. நீங்க போட்டிருக்கிற ஃபெரிடிக் ஸ்டீல் (குரோமியம் கலந்த ஸ்டீல்) இன்டர்கனெக்ட், அதாவது செல்களை இணைக்கிற தட்டு, கோட்டிங் இல்லாததுதானே, அந்தச் சூட்டுல மேல இருக்கிற குரோமியம் ஆக்சைடு காத்துல உள்ள ஈரத்தோட சேர்ந்து ஆவியாகிப் போய் கேத்தோடுல (காத்து படற பக்க எலக்ட்ரோடு) உக்காந்துக்கும், அந்தக் கேத்தோடுப் பொருளான எல்எஸ்சிஎஃப்ல இருக்கிற ஸ்ட்ரான்ஷியத்தைப் பிடிச்சு ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் ஆயிடும், கேத்தோடு மந்தமாகி வோல்டேஜ் இறங்கும். பிரிக்கும்போது காத்து உள்ள வர்ற பக்கம் மஞ்சளா ஏதாவது படிஞ்சிருக்கான்னு பாருங்க.

அடுத்த தடவை இன்டர்கனெக்ட் மேல மாங்கனீஸ் கோபால்ட் ஸ்பினல் (ஒரு வகை ஆக்சைடு) கோட்டிங் போட்டுருங்க, காத்தையும் உலர்த்தி விடுங்க. பலரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு, ஃபர்னஸுக்குள்ள காத்து கொண்டு வர்ற ஸ்டெயின்லெஸ் பைப், அதுவும் சூடாகி குரோமியத்தைக் கக்கும், அதை அலுமினா ட்யூபா மாத்துங்க (நானும் ஒரு ஸ்டாக்கைக் காவு குடுத்துதான் இதைக் கத்துக்கிட்டேன்).

பிரிக்கறதுக்கு முன்னாடி இம்பிடன்ஸ் (ஏசி சிக்னல் குடுத்து அளக்கிற மின்தடை) எடுத்து வைங்க. ஓமிக் தடை (மின்சாரமும் அயனியும் கடந்து போறதுல வர்ற தடை) பெருசா மாறாம போலரைசேஷன் வளைவு (எலக்ட்ரோடு வினைகளோட தடையைக் காட்டுறது) மட்டும் வீங்கியிருந்தா கேத்தோடுதான் முதல் சந்தேகம்.