பூஞ்சை வில்லை வெட்டுவதும் அளப்பதும்: ஏலமலைக் கேள்வி பதில்

குமுளி, நெடுங்கண்டம், கம்பம் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. ஏலச்செடி நோய்க்கு மருந்தும், நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையும் சோதிப்பவர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். பிளேட்டில் ஊற்றி உறையவைத்த அகார் கூழில் பூஞ்சை வளரும்; அதிலிருந்து வட்டமாக வெட்டும் சிறு துண்டுதான் வில்லை. அதை மருந்திட்ட புதுப் பிளேட்டிலும் மருந்தில்லாததிலும் வைத்து வளர்ச்சியை ஒப்பிடுகிறோம்.

கேள்வி (குமுளி மாணவி): அக்கா, பிளேட்டில் எந்த இடத்தில் வில்லை வெட்ட வேண்டும்?

பதில்: வளரும் ஓரத்தில் வெட்டும்மா. பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார், கடைசியில் வெள்ளை இழை மெல்லிசாக ஓடும். அதற்குச் சற்று உள்ளே வெட்டு. நடுப்பகுதி வயதானது. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று எடுத்தால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். அதை மருந்தின் பலன் என்று எழுதிவிடுவாய். பிளேட்டின் அடியில் மார்க்கரால் வட்டம் போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டிலேயே எல்லா வில்லையையும் எடு.

கேள்வி (நெடுங்கண்டம்): வில்லை வெட்டும் குழாய், அதாவது கார்க் போரர், 5 மி.மீ. இல்லை, 6 மி.மீ. இருக்கிறது. போதுமா?

பதில்: தாராளமாக. ஆனால் கடைசி வரை அதுவேதான். 5 மி.மீ. வில்லையின் பரப்பு 19.6 சதுர மி.மீ., 6 மி.மீ. வில்லைக்கு 28.3. இரண்டையும் கலந்தால் ஒரு பிளேட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பூஞ்சை போய்விடும். அகாரின் கனமும் ஒன்றாக இருக்கட்டும்: 90 மி.மீ. பிளேட்டில் 20 மி.லி. ஊற்றினால் சுமார் 3 மி.மீ. வரும். மேசை சாய்ந்திருக்கக் கூடாது.

கேள்வி (கம்பம்): வில்லை போரருக்குள்ளேயே சிக்குகிறது.

பதில்: சூடு ஆறுவதற்குள் வெட்டுகிறீர்களோ என்று பாருங்கள் சார். சூட்டில் அகார் உருகி ஒட்டும், இழையும் செத்துப்போகும். ஆல்கஹாலில் முக்கித் தீயில் காட்டிய பிறகு, பூஞ்சை இல்லாத அகாரில் தொட்டு ஆறவிடுங்கள். நேராக அழுத்தி, அரைச் சுற்றுத் திருப்பி எடுங்கள். அப்படியும் சிக்கினால் சுட்டு ஆறிய ஊசியால் தள்ளுங்கள். வாயால் ஊதவே கூடாது.

கேள்வி: பூஞ்சைப் பக்கம் மேலேயா, கீழேயா?

பதில்: கீழே. இழை நேராகப் புது அகாரைத் தொடட்டும்.

கேள்வி (வண்டன்மேடு): டிரைக்கோடெர்மா வைத்த பிளேட் முழுக்கத் திட்டுத்திட்டாக வளர்கிறது.

பதில்: பச்சையான பிறகு வெட்டியிருப்பீர்கள் தம்பி. அந்தப் பச்சை அத்தனையும் வித்து, ஊசி பட்டாலே சிதறும். ஒரு மழைக்காலத்தில் எனக்கும் ஒரு வரிசை பிளேட் இப்படித்தான் போனது. வெள்ளையாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வளர்ச்சியை எப்படி அளப்பது?

பதில்: பிளேட்டின் அடியில் கூட்டல் குறி போல இரண்டு கோடு போட்டு, இரண்டு வழியிலும் அளந்து சராசரி எடுங்கள். அப்புறம் வில்லையின் அகலத்தைக் கழியுங்கள். பலர் விடுவது இங்கேதான். மருந்தில்லாத பிளேட்டில் 65 மி.மீ., மருந்திட்டதில் 20 என்றால் தடுப்பு 69 சதவீதம் போலத் தெரியும். 5 மி.மீ. வில்லையைக் கழித்தால் 60-க்கு 15, அதாவது 75 சதவீதம். மருந்தில்லாத பிளேட்டில் பூஞ்சை சுவரைத் தொடும் முன்பே அளந்துவிடுங்கள். தொட்ட பிறகு அது வளர இடமில்லை, மருந்திட்டது மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.