சித்திரத்தை விடச் சொல்லலாமா?

கேள்வி: மகள் இங்கே லண்டனில் ஆண்டு 11. 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பரீட்சைக்குச் சித்திரமும் ஒரு பாடம். ஒரே படத்துக்கு இரவு ஒரு மணி வரை நிழல் போட்டுக்கொண்டிருக்கிறாள், கணிதமும் விஞ்ஞானமும் அப்படியே கிடக்கின்றன. ஜனவரியில் இன்னொரு சித்திர வேலை வேறு தருவார்களாம். பேசாமல் அந்தப் பாடத்தை விடச் சொல்லட்டுமா?
- ஹரோவிலிருந்து ஒரு அம்மா

பதில்: விடச் சொல்லாதீர்கள். சித்திரத்தில் 60 வீதம் கோர்ஸ்வேர்க்குக்குத்தான் (பாடசாலையில் செய்து சேர்த்து வைக்கும் வேலை), அதில் பெரும்பகுதியைப் பிள்ளை இதற்குள் செய்து முடித்திருக்கும், இப்போது விட்டால் அவ்வளவும் வீண். நீங்கள் சொல்லும் ஜனவரி வேலை மிச்சம் 40 வீதம். கேள்வித் தாளைக் கொடுத்து ஆயத்தம் செய்ய விடுவார்கள், பிறகு பாடசாலையிலேயே மேற்பார்வையில் 10 மணித்தியாலம் இருந்து செய்ய வேண்டும்.

ஆனால் அந்த நிழல் விஷயத்தில் உங்கள் கவலை சரிதான். "படிக்காமல் படம் கீறுகிறாய்" என்று சொன்னால் சண்டைதான் வரும், புள்ளிக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். கலைஞர்களைப் பார்த்து யோசனையை வளர்ப்பது, வெவ்வேறு ஊடகங்களில் செய்து பார்த்துத் திருத்துவது, பார்த்ததையும் நினைத்ததையும் பதிவது, கடைசியாக முடிந்த படைப்பு என்று நான்கு இலக்குகள், நான்குக்கும் சமமான புள்ளி. முடிந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பெரும்பாலும் அந்த நாலாவதுக்குள்தான் அடங்கும். அந்த இரவு ஒரு மணி நிழல் எங்கே போகிறது என்று இப்போது புரியும். அதைவிட, சரிவராமல் போன முயற்சியையும் ஸ்கெட்ச் புத்தகத்தில் ஒட்டி, ஏன் சரிவரவில்லை, அடுத்து என்ன மாற்றினேன் என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதினால் புள்ளி கிடைக்கும், நேரமும் மிஞ்சும். இன்னொன்று, ஓவியரின் வாழ்க்கை வரலாற்றை இணையத்தில் பார்த்து அழகான எழுத்தில் பக்கம் பக்கமாகப் பிரதி பண்ணுவது (எல்லாப் பிள்ளைகளும் செய்கிறார்கள்!) சுத்த வீண் வேலை. அவரிடமிருந்து நீ என்ன எடுத்தாய் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நேரம் பிரிப்பதைப் பற்றி: எழுத்துப் பரீட்சைகள் மே மாதத்தில்தான் தொடங்கும், சித்திரத்தின் 10 மணித்தியாலம் பெரும்பாலும் அதற்கு முன்னரே முடிந்துவிடும். அதனால் ஜனவரியிலிருந்து ஈஸ்டர் வரை சித்திரம் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்தால் பதற வேண்டாம், அதற்குப் பிறகு முழு நேரமும் மற்றப் பாடங்களுக்குத்தான். இடையில் மொக் பரீட்சை (பாடசாலை வைக்கும் மாதிரிப் பரீட்சை) எப்போது, சித்திர வேலையை ஒப்படைக்கும் கடைசி நாள் எப்போது என்று இரண்டையும் ஒரே நாட்காட்டியில் எழுதி வையுங்கள், மோதல் வருவது அங்கேதான். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் தினமும் ஒதுக்கும் நேரத்தில் கை வைக்க விடாதீர்கள். அந்த இரண்டிலும் தரம் 4 (9தான் ஆகக் கூடியது) எடுக்காவிட்டால் 16 வயதுக்குப் பிறகும் அதையே திரும்பப் படிக்க வேண்டி வரும். வர்ணம் பூசுவதைப் பகல் வெளிச்சத்தில் வார இறுதியில் வைத்துக்கொள்ளட்டும், காயும் நேரத்தில் நாலு கணக்குச் செய்யலாம்.

அப்புறம், ஏ லெவலிலும் சித்திரம் எடுக்கும் யோசனை இருந்தால் ஒன்றை இப்போதே சொல்லி வையுங்கள். அங்கே படத்தோடு சேர்த்துக் குறைந்தது 1000 சொல்லில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும், ஆங்கிலத்திலிருந்து தப்ப முடியாது.