திருவான்மியூர் மாடி அறைக்கு ஏர்கூலரா, ஏசியா?

நண்பரே, மொட்டை மாடிக்கு நேர் கீழே 10-க்கு 12 அடி படுக்கையறை, மேற்குச் சுவர் வேறு. கூலர் போதுமா, கடைக்காரர் சொல்லும், குளிரோடு சூடும் தரும் 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூலரை மறந்துவிடுங்கள். தண்ணீர் ஆவியானால்தான் அது குளிர்ச்சி தரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். வேலூரில் நன்றாக ஓடும் கூலர் உங்கள் மெத்தையைப் பிசுபிசுக்க வைப்பதோடு சரி. ஹீட்டிங் ஊட்டிக்காரர்களுக்கு. சென்னை மார்கழிக்குப் போர்வை போதாதா என்ன!

120 சதுர அடிக்குப் பொதுவாக 1 டன் ஏசி போதும் (டன் என்பது எடையல்ல, குளிர்விக்கும் திறன்). ஆனால் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவு பதினொரு மணிக்கும் சூட்டைக் கக்கும். ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். எனவே முதலில் மாடித் தரைக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள். அடிக்க முடிந்தால் 1 டன், வாடகை வீடு, முடியாது என்றால் 1.5 டன். எதுவானாலும் தேவைக்கேற்பக் கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசி, தினமும் இரவு முழுக்க ஓடுமென்றால் மின்சாரம் மிச்சமாகும் 5 ஸ்டார்.

அப்புறம், உப்புக்காற்று ஏசியின் காயிலை (வாயு ஓடும் குழாய்ச் சுருளை) அரிக்கும். காப்பர் காயில், அதன் மேல் அரிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அவுட்டோர் யூனிட்டை மேற்கு வெயிலில் மாட்ட விடாதீர்கள்.